கட்டித் திசுவை எலக்ட்ரான் நுண்ணோக்கிப் பரிசோதனைக்கு அனுப்புவோருக்கு ஒரு வழிகாட்டி

என் தந்தையின் வலது சிறுநீரகத்தில் இருந்த 4 சென்டிமீட்டர் கட்டியை அகற்றிய நாளிலிருந்து, அது எந்த வகைக் கட்டி என்று எழுதப்பட்ட இறுதி அறிக்கை எங்கள் கைக்கு வந்த நாள் வரை 71 நாள்கள் ஆயின. அதில் ஏறத்தாழப் பாதி, ஆய்வகங்களில் திசு ஆராயப்பட்ட காலம் அன்று. எந்தத் திசு எங்கே இருக்கிறது, அதை யாரிடம் கேட்டு வாங்க வேண்டும், எந்தக் காகிதம் இல்லாவிட்டால் திருப்பி அனுப்புவார்கள் என்பது தெரியாமல் நாங்கள் அலைந்த காலம் அது. அந்த அலைச்சல் உங்களுக்கு நேரக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். நான் மருத்துவர் அல்லன், நோயாளியின் மகன். இங்கே உள்ளவை நடைமுறைக் குறிப்புகளே. சிகிச்சை பற்றிய முடிவை உங்கள் மருத்துவரிடமே விடுங்கள்.

எங்களுக்கு எழுந்த கேள்வி இதுதான்: கட்டி ஆன்கோசைட்டோமா என்ற தீங்கற்ற வகையா, குரோமோஃபோப் என்ற சிறுநீரகப் புற்றுநோயா? சாதாரண நுண்ணோக்கியின் கீழ் இவ்விரண்டும் சில நேரங்களில் ஒன்றுபோலவே தோன்றும். அவற்றைப் பிரித்தறியத்தான், செல்லின் உள்ளமைப்பைப் பல்லாயிரம் மடங்கு பெரிதாக்கிக் காட்டும் எலக்ட்ரான் நுண்ணோக்கியை நாடினோம். முதலாவது என்றால் கட்டியை எடுத்ததோடு பெரும்பாலும் வேலை முடிந்தது. இரண்டாவது என்றால் பல ஆண்டுகள் ஸ்கேன் எடுத்துக் கண்காணிக்க வேண்டும்.

1. பரிசோதனை தேவைதானா என்று முதலில் கேளுங்கள்

பெரும்பாலான கட்டிகளுக்கு எலக்ட்ரான் நுண்ணோக்கி தேவைப்படுவதில்லை. திசுவை மெழுகில் பதித்து, சீவி, நிறமேற்றிப் பார்க்கும் வழக்கமான பயாப்சி ஆய்விலேயே விடை கிடைத்துவிடும். அதில் ஐயம் எழுந்தால், செல்லில் உள்ள குறிப்பிட்ட புரதங்களை நிறத்தால் அடையாளம் காணும் இம்யூனோஹிஸ்டோகெமிஸ்ட்ரி (ஐ.எச்.சி.) செய்வார்கள். அதையும் தாண்டினால் மரபணுச் சோதனைகள் இருக்கின்றன. இவை பரவலான பிறகு, கட்டிகளைப் பொறுத்தவரை எலக்ட்ரான் நுண்ணோக்கி அரிதாகவே பயன்படும் கருவியாகிவிட்டது.

அது உதவும் இடங்கள் சில உண்டு. செல்லின் உள்ளே இருக்கும் நுண்ணுறுப்புகளைக் கொண்டு, அந்தச் செல் எந்த இனத்தைச் சேர்ந்தது என்று அது காட்டிக்கொடுக்கும். நிறமற்ற மெலனோமா என்ற தோல் புற்றுநோயில் மெலனோசோம் எனப்படும் நிறமித் துகள்கள் தெரியலாம். லாங்கர்ஹான்ஸ் செல் நோயில் டென்னிஸ் மட்டை வடிவில் பிர்பெக் துகள்கள் தெரியும். நரம்பு நாளமில்லாச் சுரப்பிக் கட்டிகளில் நடுவில் கருத்த சிறு துகள்களும், நுரையீரல் உறை போன்ற இடங்களில் வரும் மீசோதீலியோமாவில் நீண்டு மெலிந்த நுண்விரல்களும், ராப்டோமயோசர்கோமா என்ற தசைப் புற்றில் தசை இழைகளின் அடுக்கும் தெரியும். எங்கள் கேள்விக்கு உரியவை இரண்டு: ஆன்கோசைட்டோமாவின் செல்கள் மைட்டோகாண்ட்ரியாக்களால் நிரம்பி வழியும், குரோமோஃபோப் செல்களில் 150 முதல் 300 நானோமீட்டர் அளவுள்ள நுண்பைகள் கூட்டமாக இருக்கும்.

ஒன்றை மனத்தில் வையுங்கள். ஒரு கட்டி புற்றா இல்லையா என்ற கேள்விக்கு இந்தக் கருவி பொதுவாக நேரடி விடை தராது. வகையைச் சொல்லும், வகையிலிருந்து மருத்துவர்தான் முடிவுக்கு வர வேண்டும். ஆகவே மருத்துவரிடம், "இந்தப் பரிசோதனையில் எந்த இரண்டு நோய்களுக்கு இடையே முடிவு செய்யப் போகிறீர்கள்? விடை எதுவானாலும் சிகிச்சை மாறுமா?" என்று கேளுங்கள். மாறாது என்றால் பணத்தையும் நாள்களையும் செலவழிக்க வேண்டாம்.

2. அறுவை சிகிச்சைக்கு முன்பே திசுவுக்கு ஏற்பாடு செய்யுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள். எலக்ட்ரான் நுண்ணோக்கிக்கு உரிய திசுவை உடலிலிருந்து எடுத்த சில நிமிடங்களுக்குள் பதப்படுத்த வேண்டும். இரத்த ஓட்டம் நின்றதும் செல்லின் உள்ளுறுப்புகள் சிதையத் தொடங்கிவிடுகின்றன; குறிப்பாக மைட்டோகாண்ட்ரியாக்கள் விரைவில் வீங்கிப்போகும். சாதாரண நுண்ணோக்கியில் இந்தச் சிதைவு தெரியாது. பல்லாயிரம் மடங்கு பெரிதாக்கும்போது அதுதான் முதலில் கண்ணில் படும்.

வழக்கமாக அகற்றப்பட்ட கட்டி முழுவதும் ஃபார்மலின் ஜாடிக்குள் போய்விடும். எலக்ட்ரான் நுண்ணோக்கிக்கு வேண்டியது குளூட்டரால்டிஹைடு என்ற வேறொரு திரவம், பெரும்பாலும் 2.5 சதவீதக் கரைசலாகப் பயன்படுத்துவார்கள். அது திசுவுக்குள் மிக மெதுவாகவே ஊடுருவும் என்பதால் துண்டு 1 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. கடுகு அளவுள்ள நான்கைந்து துண்டுகள் போதும். அந்தச் சிறு குப்பியை 4 டிகிரி செல்சியஸ் குளிரில் வைக்க வேண்டும். உறைய விடவே கூடாது. உறைந்தால் உள்ளே பனிப் படிகங்கள் உருவாகிச் செல்களைக் கிழித்துவிடும். அறுவை அரங்கிலேயே உறையவைத்துப் பார்க்கும் ஃப்ரோசன் ஆய்வில் மிஞ்சிய திசு இதற்குப் பயன்படாததும் அதனால்தான்.

அறுவைக்கு ஒரு வாரம் முன்பு நீங்கள் செய்ய வேண்டியவை:

அறுவை மருத்துவரிடம், "கட்டியின் வகை குறித்து ஐயம் வர வாய்ப்பிருக்கிறதா? அப்படியானால் எலக்ட்ரான் நுண்ணோக்கிக்குச் சிறிது திசுவைத் தனியே எடுத்து வைக்க முடியுமா?" என்று கேளுங்கள். அவர் இசைந்தால், நோயியல் துறைக்கு ஒரு வரியில் குறிப்பு எழுதித் தரச் சொல்லுங்கள்; வாய்ச்சொல்லாக விட்டால் அறுவை நாளின் பரபரப்பில் மறந்துவிடும். குளூட்டரால்டிஹைடு எல்லா மருத்துவமனைகளிலும் இருப்பில் இருப்பதில்லை. எலக்ட்ரான் நுண்ணோக்கி ஆய்வகமே நிரப்பிய குப்பியைத் தருவதுண்டு. அதை முன்கூட்டியே வாங்கி, தயாரித்த தேதியைப் பார்த்து, நோயியல் துறையின் குளிர்பதனப் பெட்டியில் வைக்கச் சொல்லுங்கள். கலங்கியோ மஞ்சளாகவோ இருக்கும் கரைசலை ஏற்காதீர்கள். குப்பியை நீங்கள் திறக்கவும் வேண்டாம். அந்தத் திரவம் கண்ணையும் மூச்சுக்குழாயையும் எரிக்கும்.

துண்டுகளை எந்த இடத்திலிருந்து எடுப்பது என்பதை நோயியலாளரே தீர்மானிக்க வேண்டும். கட்டியின் நடுவில் அழுகிய பகுதியோ, மின்கத்தி பட்டுக் கருகிய விளிம்போ குப்பிக்குள் போனால் எல்லாம் வீண். அதே போல எல்லாத் திசுவையும் குளூட்டரால்டிஹைடில் போட்டுவிடவும் கூடாது, ஏனெனில் அதில் பதப்பட்ட திசு ஐ.எச்.சி. சோதனைக்குச் சரியாக ஒத்துழைக்காது. பெரும்பகுதி ஃபார்மலினுக்கு, கடுகளவு மட்டும் குப்பிக்கு. பரிசோதனை பின்னர் தேவைப்படவில்லை என்று தெரிந்தால் அந்தக் குப்பியை அப்படியே விட்டுவிடலாம். நட்டம் மிகச் சிறிது. எங்களுக்கு இதை யாரும் முன்பே சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

3. அறுவை முடிந்துவிட்டதென்றால் ஈரத் திசுவைத் தேடுங்கள்

கட்டி முழுவதையும் மெழுகில் பதிப்பதில்லை. தேர்ந்தெடுத்த துண்டுகள் மட்டுமே பிளாக் எனப்படும் மெழுகு வில்லைகளாகும். மீதி ஃபார்மலின் ஜாடியிலேயே இருக்கும். குளூட்டரால்டிஹைடு அளவுக்கு இல்லாவிட்டாலும், ஃபார்மலினில் கிடந்த அந்த ஈரத் திசு எலக்ட்ரான் நுண்ணோக்கிக்குப் பெரிதும் பயன்படும். ஆனால் ஜாடிகளை நெடுநாள் வைத்திருக்க இடம் இருக்காது. அறிக்கை வெளியான சில வாரங்களில் மருத்துவக் கழிவாக அகற்றிவிடுவார்கள்.

எங்கள் தந்தையின் முதல் அறிக்கை 9ஆம் நாளும், ஐ.எச்.சி. முடிவு 19ஆம் நாளும் வந்தன. CK7 என்ற புரதக் குறி அங்கங்கே மட்டும் நிறம் பிடித்திருந்ததால் முடிவு சொல்ல முடியவில்லை. வேறொரு நோயியலாளரிடம் ஸ்லைடுகளைக் காட்டியபோது எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்க்கலாம் என்றார். 36ஆம் நாள் ஈரத் திசுவைக் கேட்டுப் போனோம். "போன வாரம்தான் சார் பழைய ஜாடியெல்லாம் காலி பண்ணினோம்" என்றார் ஆய்வக உதவியாளர். அவர் மீது தவறில்லை. அது அவர்களுடைய வழக்கமான நடைமுறை. அறிக்கையில் "வகை உறுதி இல்லை", "மேலாய்வு தேவை" என்ற பொருளில் ஒரு சொல் இருந்தாலும் அன்றைக்கே நோயியல் துறைக்குச் சென்று, ஜாடியை அகற்றாமல் வைக்கும்படி பயாப்சி எண்ணைக் குறிப்பிட்டு எழுத்தில் கேளுங்கள். பெற்றுக்கொண்டதற்கான கையொப்பமும் வாங்குங்கள்.

ஈரத் திசு இல்லையென்றால் கடைசி வழி மெழுகு பிளாக். மெழுகைக் கரைத்து, திசுவை மீட்டு, மறுபடி பதப்படுத்திப் பார்ப்பார்கள். மெலனோசோம், நரம்புச் சுரப்புத் துகள், செல்களைப் பிணைக்கும் டெஸ்மோசோம் போன்றவை மெழுகைத் தாண்டியும் பிழைத்திருக்கக் கூடும். சவ்வுகள் கரைந்தும் கிழிந்தும் போவதால், நுண்பைகள் போன்ற மெல்லிய அமைப்புகளை நம்பிப் படிப்பது கடினம். எங்கள் கேள்வி அந்த நுண்பைகளைப் பற்றியதாகவே இருந்தது.

4. ஆவணங்கள்

ஆய்வகத்துக்குப் போகுமுன் பின்வருவன கையில் இருக்கட்டும்:

- என்ன கேள்விக்கு விடை வேண்டும் என்று தெளிவாக எழுதிய மருத்துவரின் கடிதம். "எலக்ட்ரான் நுண்ணோக்கிப் பரிசோதனை செய்க" என்று மட்டும் எழுதிய கடிதம் போதாது.
- பயாப்சி அறிக்கை, ஐ.எச்.சி. அறிக்கை, அறுவைக் குறிப்பு, சி.டி. ஸ்கேன் அறிக்கை ஆகியவற்றின் நகல்கள்.
- எந்த பிளாக்கில் எந்தப் பகுதி இருக்கிறது என்று காட்டும் பட்டியல்.
- கட்டி நன்றாகத் தெரியும் இடத்தில் மையால் வட்டமிட்ட ஒரு ஸ்லைடு.
- நோயாளியின் அடையாள அட்டை. நோயாளி வராவிட்டால் அவர் கையொப்பமிட்ட அனுமதிக் கடிதம்.

மூன்றாவதைப் பற்றிக் கூடுதலாகச் சொல்ல வேண்டும். பிளாக்குகளுக்கு A1, A2, B1 என்று எண் இருக்கும். ஒன்றில் கட்டி, ஒன்றில் கட்டியின் ஓரம், ஒன்றில் நோயற்ற சிறுநீரகம் என்று பிரித்திருப்பார்கள். எங்களுக்குக் கொடுக்கப்பட்டது நோயற்ற சிறுநீரகம் இருந்த பிளாக். அதை எடுத்துக்கொண்டு வெளியூர் போய், அங்கே சோதனைச் சீவல் எடுத்துப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. திரும்பி வந்து, சரியான பிளாக்கை வாங்கி, மறுபடி ஒப்படைக்க 14 நாள்கள் போயின. அறிக்கையின் இறுதியில் உள்ள பிளாக் விவரத்தைப் பெறும் இடத்திலேயே ஒப்பிட்டுப் பாருங்கள்; புரியாவிட்டால், "இதில் கட்டி இருக்கிறதா?" என்று கேட்டு, ஆம் என்ற விடையை எழுத்தில் வாங்குங்கள்.

ஆவணங்களைத் தர மறுத்தால் விதியைப் பணிவாக நினைவூட்டலாம். இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு நடத்தை விதிகளின்படி, நோயாளியோ அவரால் அதிகாரம் பெற்றவரோ மருத்துவப் பதிவேடுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். இரண்டாவது மருத்துவக் கருத்தைப் பெறும் உரிமை, தேசிய மனித உரிமை ஆணையம் உருவாக்கிய நோயாளர் உரிமைப் பட்டயத்திலும் இடம்பெற்றிருக்கிறது. பிளாக் என்பது காகிதம் அன்று, திசு. அதற்கு ஒவ்வோர் இடத்திலும் தனிப் படிவம் இருக்கும், சில இடங்களில் முன்வைப்புத் தொகையும் கேட்பார்கள். இருக்கும் கட்டி பிளாக்குகள் அனைத்தையும் எடுத்துச் செல்லாதீர்கள். ஒன்றையாவது மூல மருத்துவமனையிலேயே விட்டுவையுங்கள். பின்னொரு நாள் மரபணுச் சோதனைக்கு அது தேவைப்படலாம், போகும் வழியில் ஒன்று தொலைந்தாலும் மற்றொன்று இருக்கும்.

5. சரியான ஆய்வகத்தைத் தேர்ந்தெடுங்கள்

எலக்ட்ரான் நுண்ணோக்கி இரண்டு வகைப்படும். மேற்பரப்பைப் படமெடுக்கும் ஸ்கேனிங் வகை பல பொறியியல் கல்லூரிகளில்கூட இருக்கிறது. உங்களுக்கு அது பயன்படாது. மெல்லிய சீவலின் ஊடாக எலக்ட்ரான் கற்றையைச் செலுத்திப் பார்க்கும் டி.இ.எம். வகையே வேண்டும். அதிலும் பொருளியல் ஆய்வுக்கான கூடங்கள் படம் எடுத்துத் தருமே தவிர, நோய் பற்றிய அறிக்கையைத் தரா.

நம் நாட்டில் மருத்துவத்துக்கான டி.இ.எம். கருவிகள் பெரும்பாலும் கட்டிகளுக்காக இயங்கவில்லை; சிறுநீரக வடிகட்டி நோய்களுக்கான பயாப்சிகளுக்காக இயங்குகின்றன. ஆகவே உங்கள் ஊருக்கு அருகிலுள்ள பெரிய மருத்துவமனையின் சிறுநீரகவியல் துறையில் கேட்டால், அவர்கள் எந்த ஆய்வகத்துக்கு அனுப்புகிறார்கள் என்று உடனே சொல்லிவிடுவார்கள். நாங்கள் புற்றுநோய்த் துறையிலேயே கேட்டுக்கொண்டிருந்து நாள்களை இழந்தோம். புது தில்லி எய்ம்ஸ் போன்ற இடங்களில் இதற்கெனத் தனிக் கூடமே உண்டு.

தொலைபேசியில் மூன்று கேள்விகள் கேளுங்கள். கட்டித் திசுவை ஏற்பீர்களா? மெழுகு பிளாக்கை ஏற்பீர்களா? படத்தைப் படித்து அறிக்கை தருபவர் கட்டிகளைப் பார்த்துப் பழகியவரா? மூன்றாவது கேள்வியைக் கேட்கத் தயங்காதீர்கள். வடிகட்டி நோய்களை நாள்தோறும் பார்க்கும் கண்ணுக்கு, கட்டிச் செல்லின் உள்ளமைப்பு பழக்கமில்லாததாக இருக்கலாம்.

6. எடுத்துச் செல்லும் முறை

கூடுமானவரை நேரில் கொண்டுபோங்கள். ஃபார்மலின், குளூட்டரால்டிஹைடு இரண்டும் நச்சுத் திரவங்கள் என்பதால் கூரியர் நிறுவனங்களும் விமான நிறுவனங்களும் அவற்றை எளிதில் ஏற்பதில்லை. குப்பியை இறுக மூடி, உறிஞ்சும் பஞ்சு சுற்றி, கசியாத பையிலும் அதன் மேல் ஒரு கெட்டியான டப்பாவிலும் வைக்க வேண்டும். குளிர்ப் பொதி குப்பியை நேரடியாகத் தொடாதபடி நடுவில் துணி சுற்றுங்கள், தொட்டால் உறைந்துவிடும்.

பிளாக்குக்குக் குளிர் தேவையில்லை, ஆனால் வெப்பம் ஆகாது. மெழுகு சுமார் 56 டிகிரியில் உருகத் தொடங்கும். சித்திரை, வைகாசி வெயிலில் நிறுத்திய காருக்குள் அதை வைத்துவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள்.

7. செலவு

எங்கள் ரசீதுகளின்படி, ஐ.எச்.சி.யில் ஒரு குறிக்கு 1,500 ரூபாய் வீதம் 6 குறிகளுக்கு 9,000 ரூபாய், ஸ்லைடு மறு ஆய்வுக்கு 1,000 ரூபாய், எலக்ட்ரான் நுண்ணோக்கிக்கு 6,500 ரூபாய் ஆயின. கட்டணம் இடத்துக்கு இடம் மாறும். பயணமும் தங்குமிடமும் எங்களுக்குப் பரிசோதனைக் கட்டணத்தைவிடக் கூடுதலாயின. தவறான பிளாக்கால் இரண்டு முறை போனதே அதற்குக் காரணம்.

தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு என்றாலும், அது பட்டியலில் உள்ள மருத்துவமனைக்குப் பணம் செல்லும் திட்டம். நீங்களாக வெளியே செய்த பரிசோதனைக்கு ரசீதைக் கொடுத்துப் பணம் வாங்கலாம் என்று நம்பிவிடாதீர்கள். காப்பீட்டுக் கவுன்டரில் முன்பே கேளுங்கள். தனியார் காப்பீடு இருந்தால், வீடு திரும்பிய பின் எத்தனை நாள் வரையிலான பரிசோதனைச் செலவை ஏற்பார்கள் என்று பாலிசியில் பாருங்கள். மருத்துவரின் கடிதம், ரசீது, அறிக்கை மூன்றும் ஒன்றாக இருந்தால்தான் கோரிக்கை நகரும். எங்களுக்கு அந்தக் காலக்கெடு முடியச் சில நாள்களே இருந்தன.

8. எத்தனை நாள் ஆகும்

இயந்திரத்தின் முன் உட்கார்ந்து பார்ப்பது சில மணி நேர வேலை. நாள்கள் கழிவது அதற்கு முந்தைய தயாரிப்பில். ஆஸ்மியம் டெட்ராக்சைடில் மறுபடி பதப்படுத்தி, ஆல்கஹாலில் நீரை வெளியேற்றி, பிசினில் பதித்து, சுமார் 60 டிகிரி அடுப்பில் ஓரிரு நாள் கெட்டியாக்க வேண்டும். பிறகு சற்றே தடித்த சீவல் எடுத்து, நீல நிறமேற்றி, கட்டி இருக்கிறதா என்று உறுதி செய்வார்கள். அதன் பின்பே 60 முதல் 90 நானோமீட்டர் தடிமனுள்ள சீவல். வழக்கமான பயாப்சிச் சீவல் 3 முதல் 5 மைக்ரான் என்பதை நினைத்தால், இது எவ்வளவு பொறுமையான வேலை என்பது புரியும். வரிசையில் காத்திருப்பதையும் சேர்த்து இரண்டு முதல் மூன்று வாரம் என்று கணக்கிடுங்கள். எங்களுக்கு 19 நாள் ஆயிற்று. அவசரம் என்றால் மருத்துவரே ஆய்வகத்தை அழைத்துப் பேச வேண்டும். குடும்பத்தார் நாள்தோறும் அழைப்பதால் பிசின் விரைந்து இறுகாது.

9. அறிக்கை வந்த பிறகு

அறிக்கையோடு படங்களையும் கேட்டு வாங்குங்கள். இணையத்தில் தேடி நீங்களே பொருள் கொள்ளாமல், முதலில் ஸ்லைடைப் பார்த்த நோயியலாளரிடமே அதைக் கொண்டுசெல்லுங்கள். எலக்ட்ரான் நுண்ணோக்கி பார்ப்பது ஒரு மில்லிமீட்டர் துண்டுக்குள் சில செல்களை மட்டுமே. முழுக் கட்டியையும் பார்த்தவர் அவர். இரண்டையும் சேர்த்து அவர் எழுதித் தரும் ஒருங்கிணைந்த அறிக்கையே இறுதியானது, அதைக் கேட்டுப் பெறுங்கள். எல்லாம் செய்த பிறகும் விடை இரண்டுக்கும் நடுவில் நிற்கலாம். உலக சுகாதார நிறுவனத்தின் 2022ஆம் ஆண்டு வகைப்பாட்டிலேயே, எதிலும் முழுமையாக அடங்காத ஆன்கோசைட்டிக் சிறுநீரகக் கட்டிகளுக்குத் தனி இடம் இருக்கிறது.

எங்கள் அறிக்கையில், செல்கள் மைட்டோகாண்ட்ரியாக்களால் நிறைந்திருக்கின்றன, ஆன்கோசைட்டோமாவுக்கே சாய்வு அதிகம், ஆனால் திசு மெழுகிலிருந்து மீட்கப்பட்டதால் நுண்பைகள் இல்லை என்று உறுதியாகச் சொல்ல இயலவில்லை என்று இருந்தது. அந்தக் கடைசி வரிக்காக என் தந்தை இப்போது ஆண்டுக்கு ஒரு முறை ஸ்கேன் எடுத்துக்கொள்கிறார். பரிசோதனை முடிந்ததும் ஆய்வகத்திலிருந்து பிளாக்கைத் திரும்பப் பெற்று, மூல மருத்துவமனையில் ஒப்படைத்து, ஒப்புகைச் சீட்டை ஸ்கேன் அறிக்கைகள் உள்ள கோப்பிலேயே வைத்திருக்கிறோம். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.